சாரல் காற்றில் ஐஸ் கட்டும் எஞ்சின்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் எதைப் பார்த்து ‘சீசன் நல்லா இருக்கு’ என்கிறார்களோ, அதையே பார்த்துப் பழைய செஸ்னா விமானத்தை ஓட்டுகிறவர் உஷாராக வேண்டும். வெயில் மங்கி, மேற்கே மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கும். வெப்பநிலை 24, 25 டிகிரி செல்சியஸில் நிற்கும்; ஈரப்பதம் 80, 90 விழுக்காட்டைத் தொடும். துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்தருவிக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு இதமான காற்று. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வைத்த விமான எஞ்சினுக்குள் ஐஸ் கட்டுவதற்கும் இந்தக் காற்று போதும்.

விமானமும் ஐஸும் என்றதும் நமக்கு இமயமலையும் இறக்கையில் படியும் வெண்பனியும்தான் நினைவுக்கு வருகின்றன. கார்புரேட்டர் ஐஸ் வேறு சாதி. அதற்குக் குளிர் நாடு வேண்டியதில்லை, ஈரம் இருந்தால் போதும். வெளிக்காற்று 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும்போது இதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்கிறது அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. வெளியிடும் விமானிகள் கையேடு. அடுத்த வரியிலேயே, 38 டிகிரி வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரத்திலும்கூட அது நேரலாம் என்றும் எச்சரிக்கிறது. நம் ஊர் விமானி முக்கியமாகப் படிக்க வேண்டியது அந்த இரண்டாவது வரியை.

பெட்ரோல் வேகமாக ஆவியாகும்போது சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இதனால்தான். கணக்காகப் பார்த்தால், ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு கிலோவோடு கலக்கும் காற்று 12, 13 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி குளிரவைக்க ஒரு கிலோஜூலை எடுத்தால் போதும் என்பதால், ஆவியாதல் ஒன்றே காற்றை 27, 28 டிகிரி இறக்கிவிட முடியும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரியில் காற்று விரைந்து அழுத்தம் குறைவதாலும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு பாதி மூடியிருக்க, அதைத் தாண்டும்போது மறுபடி அழுத்தம் விழுவதாலும் இன்னும் சில டிகிரி போகும். மொத்த இறக்கம் 33 முதல் 39 டிகிரி வரை இருக்கலாம் என்பது எஃப்.ஏ.ஏ. கணக்கு. வெளியே 25 டிகிரி என்றால் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போக இடம் தாராளமாகவே இருக்கிறது.

உறைவதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 24 டிகிரியும் 90 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 19, 20 கிராம் நீராவி இருக்கும். செஸ்னா 150 விமானத்தின் நூறு குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சின் சீராகப் பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று கன மீட்டர் காற்றை இழுக்கிறது. அதாவது, நிமிடத்துக்கு ஐம்பது கிராமுக்கு மேல் நீராவி அந்தக் குறுகிய கழுத்து வழியாகப் போகிறது. அதில் மிகச் சிறு பங்கு த்ராட்டில் தட்டின் விளிம்பில் ஒட்டி உறைந்தாலே போதும். த்ராட்டிலை மூடி இறங்கும்போது தட்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே உள்ள சந்து சில மில்லிமீட்டர்தான். அதை அடைக்க எவ்வளவு ஐஸ் வேண்டும்?

ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஈரம் கூடக்கூட ஆபத்தும் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பது தவறு. நீராவி நீராகக் குளிரும்போது தன் வெப்பத்தை வெளிவிடுகிறது. மிகவும் புழுக்கமான காற்றில் இந்த வெப்பமே உள்ளே குளிர் இறங்குவதைத் தடுத்து நிறுத்திவிடும். அதனால்தான் 35 டிகிரியில் வியர்த்து ஊற்றும் கடற்கரையைவிட, மிதமான வெப்பமும் நிறைந்த ஈரமும் சேர்ந்த மலையடிவாரம் மோசமானது. பல நாட்டு விமானத்துறைகள் வெளியிடும் வரைபடங்களில் ஒரு பக்கம் வெப்பநிலையும் மறு பக்கம் பனிநிலையும் (காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) இருக்கும். குற்றாலச் சீசன் நாளை அதில் குறித்தால், இறங்குவதற்காகத் த்ராட்டிலைக் குறைத்த நிலையில் கடும் உறைவு வரும் என்று காட்டும் பகுதியில் புள்ளி விழும். அது அடிவாரத்தின் கணக்கு. மேலே ஏறினால் நிலைமை இன்னும் கெடும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து மதுரைக்கு வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால், அது தென்காசியின் தலைக்கு மேலேயே போகிறது. தூரம் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 90 நாட் வேகத்தில் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும் பயணம். அந்தக் கோடு பொதிகை மலைத்தொடரைத் தாண்டியாக வேண்டும். அகத்தியர் மலை 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு விதிப்படி பொருந்தும் உயரங்களில் 7,500 அடி ஒன்று. மலையிலிருந்து ஓரளவு இடைவெளியும் கிடைக்கும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி என்று வைத்துக்கொண்டால், கீழே 27, 28 டிகிரியாக இருந்த காற்று அங்கே 12, 13 டிகிரி. பருவமழைக் காலத்தில் மேகத்தை ஒட்டிய காற்று ஏறக்குறைய நிறைஈரம் கொண்டது. இப்போது அதே புள்ளி வரைபடத்தின் நடுவே, எந்த எஞ்சின் விசையிலும் கடும் உறைவு என்று எழுதிய இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கண்ணால் பார்த்துப் பறப்பவர் மேகத்துக்குள் நுழைவதில்லை, உண்மைதான். ஆனால், கார்புரேட்டருக்கு மேகம் கண்ணில் பட வேண்டிய அவசியமில்லை.

மலையை உச்சியில் தாண்டாமல் ஆரியங்காவு வழியாக, 1904இல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையைக் கீழே பார்த்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அந்தக் கணவாய்தான் தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று. அதே வாசல்தான் தென்காசிக்குச் சாரலைத் தருகிறது. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு வரை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தாழ்வான மேகம், இருபுறமும் சரிவு, திரும்ப இடமில்லாத பள்ளத்தாக்கு, மலையின் மறுபுறத்தில் உருண்டு விழும் காற்று. எஞ்சின் சரியாக ஓடினாலும் நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்த் திசையில் வருகிறவருக்கு வேறொரு பொறி இருக்கிறது. ஆலங்குளத்தில் காற்று மட்டும் அடிக்கும், மழை இராது. செம்மண் தூசு பறக்கும். அங்கிருந்து தென்காசி பத்து நிமிடப் பறப்பு. அந்தப் பத்து நிமிடத்தில் காற்றின் குணமே மாறிவிடுகிறது. விமானி புறப்படுமுன் பார்த்த வானிலை அறிக்கை மதுரையுடையதாகவோ தூத்துக்குடி வாகைக்குளத்துடையதாகவோ இருக்கும். மதுரையில் 33 டிகிரி, பனிநிலை 20 என்று வந்தால், ‘இன்றைக்கு ஐஸ் ஏது’ என்று மனம் தள்ளிவிடும். வரைபடத்தில் அந்த எண்களும் முழுப் பாதுகாப்பான இடத்தில் விழுவதில்லை என்பது ஒருபுறம். தென்காசியில் விமான நிலையம் இல்லை, ஆகவே விமானிகளுக்கான மணிக்கொரு வானிலை அறிக்கையும் இல்லை என்பது மறுபுறம். இந்தப் பக்கம் பறக்கிறவர் மேற்கே மலை தெரிகிறதா, மறைந்துவிட்டதா என்று பார்த்துத்தான் ஈரத்தைக் கணிக்க வேண்டும். மலை மறைந்திருந்தால், கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் ‘கார்ப் ஹீட்’ குமிழுக்குக் கை போக வேண்டும்.

செஸ்னா 152, பழைய 172 விமானங்களில் அந்தக் குமிழ் த்ராட்டிலுக்கு இடப்பக்கம் இருக்கும். அதை இழுத்தால் கம்பி ஒன்று காற்றுப்பெட்டியில் உள்ள மடலைத் திருப்பும். முன்பக்கத்து வடிகட்டி வழியாக வரும் காற்று நின்று, புகைக்குழாயைச் சுற்றிய உறைக்குள் சூடான காற்று கார்புரேட்டருக்குப் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. மின்சாரமோ பம்போ எதுவும் கிடையாது.

ஐஸ் கட்டத் தொடங்கும்போது எந்த மணியும் அடிக்காது. நிலையான கோணம் கொண்ட புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஆர்.பி.எம். மெல்லக் குறையும். 2,400இல் வைத்திருந்தது 2,350 ஆகும், பிறகு 2,300. விமானி அறியாமலே த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துகொள்வார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் தள்ளுவார். இந்த இரண்டாவது தள்ளலில்தான் சந்தேகம் வர வேண்டும். கோணம் தானே மாறும் புரொப்பெல்லர் என்றால் இதுவும் தெரியாது, ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, மேனிஃபோல்டு அழுத்தம் மட்டும் இறங்கும்.

குமிழை இழுத்ததும் நடப்பதுதான் புதியவரை ஏமாற்றும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எரிபொருள் விகிதம் கூடிவிடுகிறது, விசை உடனே குறைகிறது, சில சமயம் 15 விழுக்காடு வரை. அடுத்து, உருகிய ஐஸ் தண்ணீராக சிலிண்டருக்குள் போகும்போது எஞ்சின் இருமும், குலுங்கும். குமிழை இழுத்ததால்தான் எஞ்சின் கெட்டது என்று பயந்து, பயிற்சி மாணவர் அதை உள்ளே தள்ளிவிடுகிறார். மருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் அதை நிறுத்துவதால் மிச்சமிருக்கும் ஐஸ் இறுகிவிடுகிறது. பொறுத்திருந்தால் குலுக்கல் அடங்கும், ஆர்.பி.எம். ஏறும், குமிழை மூடியதும் முன்பிருந்ததைவிட உயரத்தில் நிற்கும். உள்ளே ஐஸ் இருந்தது என்பதற்கு அந்த ஏற்றமே சான்று. ஐஸே இல்லாவிட்டால், இழுத்தவுடன் குறைந்து அப்படியே நிற்கும். மூடியதும் பழைய எண்ணுக்குத் திரும்பும். குறைந்தது 15 விநாடியாவது முழுதாக இழுத்து வைக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் விமானத்துறையின் அறிவுரை.

முழுதாக என்ற சொல் முக்கியம். பாதி இழுத்தால், மிகக் குளிரில் உறைந்தும் ஒட்டாமல் பறந்து போயிருக்கும் துகள்களை ஒட்டும் பதத்துக்குச் சூடாக்கிவிடக்கூடும். கார்புரேட்டர் வெப்பமானி உள்ள விமானத்தில் மட்டும் அளந்து இழுக்கலாம்; அதில் மைனஸ் 15 முதல் பிளஸ் 5 டிகிரி வரை மஞ்சள் வில் போட்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலம் குறைவானதல்ல. காற்று மைனஸ் ஒரு டிகிரியாக இருக்கும்போது, 75 விழுக்காடு விசையில் காற்றை 50 டிகிரி அளவுக்குச் சூடேற்ற முடிய வேண்டும் என்பது வென்சுரிக் கார்புரேட்டர் எஞ்சின்களுக்கு நீண்ட காலம் இருந்த அமெரிக்கச் சான்று விதி. தென்காசியின் 24 டிகிரியோடு ஐம்பதைக் கூட்டினால் எந்த ஐஸும் நிற்காது. அப்படியிருந்தும் விபத்து ஏன்? அந்தச் சூடு எஞ்சினின் புகையிலிருந்து வருவது. எஞ்சின் நின்றுவிட்டால் புகைக்குழாய் ஆறிவிடும். அதற்குப் பிறகு குமிழை இழுத்து ஒரு பயனும் இல்லை. த்ராட்டிலை மூடி நீண்ட நேரம் சறுக்கி இறங்கும்போதும் புகைக்குழாய் ஆறிக்கொண்டேதான் வரும். ஐஸ் மிக வேகமாகக் கட்டும் நேரமும் சூடு மிகக் குறைவான நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஆகவே த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே சூட்டைப் போட வேண்டும், குறைத்த பிறகு அல்ல. இந்த விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய விதி எதுவும் தெரியவில்லை.

ஆனால் எல்லா விமானத்துக்கும் இதே விதியா என்பதில் தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. செஸ்னாவின் பழைய கையேடுகள் விசையைக் குறைத்து இறங்கும்போது சூட்டைப் போடச் சொல்கின்றன. பைப்பர் செரோக்கி வகைக் கையேடுகளோ, ஐஸ் இருப்பதற்கான அறிகுறி இருந்தாலொழியத் தரையிறங்கும்போது போடாதே என்கின்றன. விசை குறைந்திருக்கும் நிலையில் இறங்காமல் மீண்டும் எழ வேண்டி வந்தால் ஆபத்து என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, காரணம் எஞ்சினில் இருக்கிறது. பைப்பர் செரோக்கியில் உள்ள லைகமிங் எஞ்சினில் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் திருகியிருக்கும். சூடான எண்ணெய் அதற்குக் கதகதப்பு தருகிறது. செஸ்னா 150இல் உள்ள காண்டினென்டல் ஓ-200இல் கார்புரேட்டர் தள்ளித் தொங்குகிறது. இந்த நோய்க்கு அந்த எஞ்சின் பேர்போனது. கையேடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் பைப்பரின் ‘அறிகுறி இருந்தால்’ என்பதைச் சீசன் காலத்து மலையடிவாரத்தில் தாராளமாக எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்: மலை மறைந்திருப்பதே அறிகுறிதான்.

குமிழை எப்போதும் இழுத்தே வைத்திருக்கலாமா என்றால், கூடாது. முழு விசையில் சூடான காற்று போனால் எரிபொருள் முறைதவறி வெடித்து எஞ்சினைத் தட்டும்; ஏறும் விசையும் போகும். தரையில் ஓடும்போது இழுத்தால் வடிகட்டாத காற்று நேரே உள்ளே போகும். ஆடிக்காற்றில் செம்மண் பறக்கும் ஓடுதளத்தில் அது சிலிண்டருக்கு மணல்தாள் போடுவதற்குச் சமம். சோதித்துப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும்.

இது பயிற்சி விமானங்களின் சின்ன வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். 1939 ஜனவரி 21 அன்று நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்குக் கிளம்பிய இம்பீரியல் ஏர்வேஸின் ‘கேவலியர்’ என்ற நாலு எஞ்சின் பறக்கும் படகு, கார்புரேட்டர்களில் ஐஸ் கட்டி விசையிழந்து அட்லாண்டிக்கில் இறங்கி உடைந்தது. அதிலிருந்த 13 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்றவர்களை மணிக்கணக்கில் தண்ணீரில் மிதந்தபின் ஒரு எண்ணெய்க் கப்பல் மீட்டது. அதற்குப் பிறகும் பாடம் முடியவில்லை. 2000 முதல் 2011 வரை ஏறத்தாழ 250 விபத்துகளில் கார்புரேட்டர் ஐஸ் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருந்தது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எச்சரிக்கை வெளியிட்டது. த்ராட்டில் தட்டுக்கு டெஃப்லான் பூசினால் ஐஸ் ஒட்டுவது குறைகிறது என்று கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1970இலேயே சோதித்துச் சொல்லியிருந்தும் அந்த யோசனை பரவவில்லை.

நம் நாட்டில் கார்புரேட்டர் விமானங்களின் காலம் நீண்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த பஸ் மாத்தும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுவந்த அஞ்சலும் கார்புரேட்டர் எஞ்சின்களை நம்பியவைதான். 1935இல் டாட்டாவின் அஞ்சல் விமானம் திருவனந்தபுரம் வரை நீண்டது. ஹெச்.ஏ.எல். 1958இல் முதலில் பறக்கவிட்ட புஷ்பக், அதன் காண்டினென்டல் எஞ்சினோடு பல ஆண்டுகள் நாடெங்கும் பறப்புப் பயிற்சிக் கழகங்களில் ஓடியது.

விபத்து விசாரணையில் இந்தக் காரணம் அபூர்வமாகவே உறுதியாகிறது. உடைந்த கம்பி கிடைக்கும், காலியான டாங்க் கிடைக்கும். ஐஸ் கிடைக்காது. விழுந்த விமானத்தின் சூடான எஞ்சினுக்கு அடியில், 25 டிகிரி வெப்பத்தில், முதல் ஆள் வந்து சேருமுன் அது நீராகி ஆவியாகிவிடும். எரிபொருள் இருந்தது, எஞ்சினில் குறையில்லை, அன்றைய வெப்பமும் ஈரமும் வரைபடத்தின் கெட்ட பகுதியில் இருந்தன; ஆகவே ‘இருக்கக்கூடும்’ என்றுதான் விசாரணையாளர் எழுத முடியும். அன்றைய ஈரத்தை அளந்த நிலையம் பக்கத்தில் இல்லையென்றால் அந்த ‘கூடும்’ என்பதையும் எழுதத் தயங்குவார். தென்காசி மாவட்டம் அப்படிப்பட்ட இடம்தான். காற்றாலை நிறுவனங்கள் இந்தக் கணவாய்க் காற்றை அளக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்காவது, செங்கோட்டையில் விமானிகளுக்கான வெப்பநிலையையும் பனிநிலையையும் மணிக்கொருமுறை அறிவிக்கக் காட்டினால், செலவு குறைவு, பயன் பெரிது.

தொழில்நுட்பம் இந்தப் பிரச்சினையைப் பாதி ஓய்த்துவிட்டது. 1996க்குப் பிறகு வந்த செஸ்னா 172கள் எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின் கொண்டவை; வென்சுரியும் இல்லை, அங்கே ஆவியாதலும் இல்லை. காற்று வடிகட்டியில் வெளியிலிருந்து ஐஸ் படிந்தால் மாற்றுக் காற்று வழி திறக்கும். பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-3இல் கார்புரேட்டர் வைத்த ரோடாக்ஸ் 914 இருந்தது. 2022இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனை முடித்த ஹன்சா என்.ஜி.யில் பீய்ச்சும் வகை ரோடாக்ஸ் 912. சாலையிலும் இதுவே நடந்தது: 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் புதிய பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் கிட்டத்தட்ட மறைந்தது.

ஆனாலும் பழைய 152களும் கார்புரேட்டர் ரோடாக்ஸ் பூட்டிய மைக்ரோலைட்களும் இன்னும் பறக்கின்றன. இந்த இரண்டாவது வகையில் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இவற்றில் பல பெட்ரோல் பங்க் பெட்ரோலிலேயே ஓடக்கூடியவை. பங்க் பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும்; அதனாலேயே ஐஸ் வாய்ப்பு கூடுகிறது. அதில் எத்தனால் கலந்தால் இன்னும் மோசம்: எத்தனால் ஆவியாகக் கிலோவுக்கு ஏறத்தாழ 840 கிலோஜூல் வெப்பம் எடுக்கிறது, பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல்; போதாததற்கு நீரையும் ஈர்க்கிறது. ரோடாக்ஸ் 912 எஞ்சின்களுக்கு 10 விழுக்காடு எத்தனால் வரைதான் அனுமதி. தென்காசி பங்கில் இன்று கிடைப்பதோ 20 விழுக்காடு கலந்தது. எனவே அந்த எஞ்சினை இங்கே ஓட்ட நினைப்பவர் விமானப் பெட்ரோலைத்தான் தேடிப் போக வேண்டும். முன்பு இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்த அந்த 100 எல்.எல். எரிபொருளை இந்தியன் ஆயில் 2022 செப்டம்பர் முதல் குஜராத் சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாரிக்கிறது. ஆனால் அதைப் பங்கில் வாங்க முடியாது. எரிபொருள் வைத்திருக்கும் ஏதாவது விமான நிலையத்துக்கோ பயிற்சிக் கழகத்துக்கோதான் போயாக வேண்டும்.